அடக்கமா, தம்பட்டமா? அப்ரைசல் நேரத்து அலசல்

மார்ச் வந்தால் ஐடி அலுவலகங்களில், வருடம் முழுக்கச் செய்த வேலையை நாமே மதிப்பிட்டு எழுதித் தரும் செல்ஃப் அப்ரைசல் படலம் தொடங்கிவிடும். முதல் வருடம் நான் எழுதியது ஒரே வரி: 'கொடுத்த வேலைகளை முடித்தேன்.' பக்கத்து சீட்காரர் இரண்டு பக்கம் எழுதினார். ரேட்டிங் யாருக்கு வந்தது என்று சொல்லவா வேண்டும்?

அடக்கம் எடுபடுவது கூட வேலை செய்பவர்களிடம். நள்ளிரவில் சர்வர் படுத்தபோது யார் எழுந்து சரிசெய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்; நாம் வாய் திறக்காமல் இருந்தாலே மதிப்பு கூடும். ஆனால் ரேட்டிங் முடிவாகும் அறையில் அவர்களும் இல்லை, நாமும் இல்லை. மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து 'இவருக்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்கும்போது, நம் மேனேஜர் கையில் இருப்பது அந்தப் படிவம்தான். ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி வாதாடுவார்?

தம்பட்டம் முதல் இரண்டு மீட்டிங்குக்குத் தாங்கும். அப்புறம் உதவிக்குக் கூப்பிட்டால் ஆள் வராது. பெண்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். தன் திறமையைத் தானே எடுத்துச் சொன்ன பெண்ணைத் திறமைசாலி என்று ஒப்புக்கொண்டவர்களுக்கே அவரைப் பிடிக்காமல் போனது, உளவியலாளர் லாரி ரட்மன் 1998இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது.

நம்மைப் பற்றி இன்னொருவர் சொல்வது இரண்டையும்விட மேல்தான். ஆனால் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டுமே!

எனக்கு வழி காட்டியது, நம்ப மாட்டீர்கள், நன்னூல். 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்று கறாராகச் சொன்ன பவணந்தி முனிவர், அடுத்த சூத்திரத்திலேயே புலவர்களுக்கு நான்கு விலக்கு தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவே, சபையில் வாதம் செய்து வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது. அப்ரைசல் படிவம் அரசவை ஓலையேதான். புதிதாக வந்த மேனேஜர் இரண்டாவது வகை. நம் வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்கிக்கொண்டால் மூன்றும் நான்கும் சேர்ந்தே வரும். கேன்டீன் இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள்.

அடுத்த வருடம் இப்படி எழுதினேன்: 'தினசரி ரிப்போர்ட் ஓட 4 மணி நேரம் ஆனது; இப்போது 40 நிமிடம். கோட் என்னுடையது, டெஸ்டிங் டீமுடையது.' மேனேஜர் அதை அப்படியே வெட்டித் தன் படிவத்தில் ஒட்டிக்கொண்டார்.