கிராப்: வைத்துக்கொண்டதா சரி, விட்டிருந்தால் சரியா?

2016 ஜூலையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் புரூக்ளின் நெட்ஸ் அணி, போர்ட்லாந்து வீரர் ஆலன் கிராப்புக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடி டாலர் தர முன்வந்தது. அதே தொகையைத் தந்து தக்கவைக்க அவருடைய அணியான போர்ட்லாந்துக்கு 3 நாள் அவகாசம். போர்ட்லாந்து தக்கவைத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் அவர் சராசரி 10.3 புள்ளிதான்.

விட்டிருந்தால்? பலரும் தவறவிடுவது இதைத்தான்: கிராப்புக்கு ஆண்டுக்குப் போன சுமார் 1.85 கோடி டாலர் அப்படியே வேறு வீரருக்குச் செலவிடக் கைக்கு வந்திருக்காது. அதே கோடையில் இவான் டர்னர் என்ற வீரரை 7 கோடிக்கு எடுத்ததிலேயே சம்பள வரம்பில் (ஓர் அணி வீரர்களுக்குத் தர லீக் வைத்திருக்கும் மொத்த உச்சத் தொகை) இருந்த இடத்தின் பெரும்பகுதி போய்விட்டது. சொந்த வீரர் என்பதால் மட்டுமே கிராப்புக்காக வரம்பைத் தாண்ட முடிந்தது. வேறொருவரை எடுக்கச் சிறு தொகையே மிஞ்சியிருக்கும்.

வைத்துக்கொண்டதில் ஆட்டப் பலன் உண்டு. 2016-17இல் அவருடைய மூன்று புள்ளி வீச்சு 44.4 சதவீதம், லீக்கிலேயே இரண்டாமிடம். ஆனால் அடுத்த பருவத்துக்கு வரவிருந்த ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் அணி லீக்குக்குக் கட்டுவது) அந்தப் பலனை விழுங்கப் பார்த்தது. அன்றைய விதிப்படி, வரி எல்லையைத் தாண்டும் முதல் 50 லட்சத்தில் ஒவ்வொரு டாலருக்கும் 1.50 டாலர், அடுத்த 50 லட்சத்தில் 1.75, அதற்குமேல் 2.50 என்று ஏறியது. போதாக்குறைக்கு, இப்படித் தக்கவைத்த வீரரை அவர் சம்மதமில்லாமல் ஓராண்டுக்கு மாற்ற முடியாது; விலை பேசிய அணிக்கோ, அவர் சம்மதித்தாலும் அந்த ஓராண்டில் அறவே முடியாது.

அந்த ஓராண்டு முடிந்ததும், 2017 ஜூலையில், அவர் போனது அதே புரூக்ளினுக்கு. பதிலுக்கு வந்த வீரர் ஆண்ட்ரூ நிக்கல்சனைப் போர்ட்லாந்து விடுவித்து, அவருக்குப் பாக்கியிருந்த 3 ஆண்டுச் சம்பளத்தை 7 ஆண்டுக்கு நீட்டியது; ஆண்டுக்குச் சுமார் 28 லட்சம் டாலர். விலை அதிகம்தான். ஆனாலும் பெரிய பிழை டர்னர் ஒப்பந்தம். கிராப்பை விடுவதைப் பயனற்றதாக்கியது அதுவே.