பழைய ஜிப்சியின் பெட்ரோல் எஞ்சினுக்கு டர்போ போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் உள்ள ஒரு பட்டறையில் 1,90,000 ரூபாய் கொடுத்து, என்னுடைய 2006ஆம் ஆண்டு மாருதி ஜிப்சிக்கு டர்போ பொருத்திக்கொண்டேன். பதினோராவது வாரம், கோத்தகிரி மலைப்பாதையில் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உடைந்து வண்டி நின்றது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோதுதான், காசு வாங்கிய வேலைகளில் பாதிக்கு மேல் செய்யப்படவே இல்லை என்பது தெரிந்தது. விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் என்னை ஏமாற்றிய விதம் தெரிந்தால், அதே விதத்தில் இன்னொருவரிடம் பேச்சு வரும்போது அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜிப்சியில் இருப்பது 1,298 சிசி, பதினாறு வால்வு ஜி13பிபி எஞ்சின். அதன் 80 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 6,000 சுற்றில்தான் கிடைக்கும். 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கும் 4,500 சுற்று வரை போக வேண்டும். சேற்றிலும் பாறையிலும் மெதுவாக ஏறுகிறவனுக்குத் தேவையானது இதற்கு நேர்மாறு. நான் பெரிய டயர்களும் போட்டிருந்ததால் இழுவை இன்னும் குறைந்திருந்தது. இதற்கு மேல் மலையின் உயரம் வேறு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சின் அங்கே தன் வலுவில் கிட்டத்தட்ட கால் பங்கை இழந்துவிடுகிறது. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே சுழன்று காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அந்த இழப்பை ஈடுகட்டும் என்பது உண்மை. இன்றும் அதை மறுக்கமாட்டேன். முறையாகச் செய்தால் அது நல்ல வேலைதான்.

பட்டறை உரிமையாளர் பேச்சில் நான்கு உறுதிகள் கொடுத்தார். டர்போ புதியது, ஜப்பானிலிருந்து வந்தது. சிலிண்டருக்குள் கலவை நசுக்கப்படும் அளவான அழுத்த விகிதத்தைக் குறைக்க, எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் தடிமனாகப் போடப்படும். காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் உண்டு. எஞ்சினின் கணினியைப் புதிய அளவுகளுக்கு மாற்றி எழுதித் தருவோம். நான் குறிப்பாகப் பெட்ரோலைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நீங்க யோசிக்கவே வேண்டாங்க சார், காத்து ஏறுனா பெட்ரோலும் தானா ஏறிக்கும்" என்றார். அந்தப் பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். 1,20,000 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்த ரசீதில் "எஞ்சின் வேலையும் உதிரி பாகங்களும்" என்று ஒரே வரிதான் இருந்தது. டர்போ என்ற சொல்லே அதில் இல்லை. பிரித்து எழுதித் தரும்படி கேட்டதற்கு, வேலை முடிந்ததும் முழு பில் தருகிறேன் என்றார், கடைசிவரை தரவில்லை.

ஐந்து வாரம் கழித்து வண்டி கைக்கு வந்தது. முன்புறத்தில் இன்டர்கூலர் இருந்தது. முடுக்கினால் டர்போவின் விசில் கேட்டது, அவிநாசி சாலையில் மூன்றாவது கியரில் வண்டி முன்பு ஒருபோதும் போகாத வேகத்தில் எழும்பியது. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வர ஆரம்பித்தது. எடுத்துப் போய்க் காட்டியபோது, "புதுசுங்க சார், செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். டர்போவின் பேரிங்குக்குப் போகும் ஆயில், அழுத்தம் இல்லாமல் தன் எடையாலேயே, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். இறங்கும் குழாய் மடங்கினாலும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்க்கப்பட்டாலும், ஆயில் தேங்கி, டர்போவின் ஆயில் சீலைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் கசியும். ஆயிரம் கிலோமீட்டர் அல்ல, லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் அது செட் ஆகாது. இதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

உடைந்த நாளன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். வண்டியில் நான்கு பேர், பின்னால் கூடாரச் சாமான்கள். நகரத்து ஓட்டத்தில் டர்போ முழு அழுத்தம் கொடுப்பது சில நொடிகள்தான். மலையேற்றத்தில் அது நிமிடக்கணக்கில் நீடிக்கிறது, அதனால்தான் பத்து வாரம் மறைந்திருந்த கோளாறு அங்கே வெளிப்பட்டது. பாதி வழியில், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டது. ஓரம் கட்டிப் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். கலப்படப் பெட்ரோலாக இருக்கும், கியரைக் குறைத்து ஏறிவிடுங்கள் என்றார்கள். ஏறினேன். அடுத்த மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு முரட்டுச் சத்தம், பின்னால் வெள்ளைத்துணி விரித்தாற்போல் புகை, ஆயில் அளவுகோல் தன் குழாயிலிருந்து வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தது. எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது.

வண்டியை அந்தப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பாமல், எங்கள் ஜிப்சிகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனதுதான் இதில் நான் செய்த ஒரே சரியான காரியம். அவர் முதலில் கழற்றியது ஸ்பார்க் பிளக்கை. "தம்பி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க" என்று கையில் கொடுத்தார். வெளிர் பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான், சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. அதன் மேல் உப்புத்தூள் அளவில் வெள்ளி நிறப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் திறந்தபோது, மூன்றாவது பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள வரம்பு விரல்நகம் நீளத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. ஹெட் கேஸ்கெட் தடிமனானது அல்ல, கடையில் கிடைக்கும் சாதாரண ஜிப்சி கேஸ்கெட். டர்போவின் பெயர்த்தகட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்திருந்தார்கள். உறையின் அமைப்பைப் பார்த்து, 1.3 லிட்டர் டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றியது என்று அண்ணன் சொன்னார். டீசலின் புகையைவிடப் பெட்ரோல் எஞ்சினின் புகை அதிக வெப்பம் கொண்டது. டீசலுக்காக வார்த்த உறை அந்த வெப்பத்தில் நாளடைவில் விரிசல் விடும். தவிர, ஐயாயிரம் சுற்றைத் தொடாத எஞ்சினுக்காகச் செய்த சிறிய டர்போ, ஆறாயிரத்துக்குப் போகும் எஞ்சினின் கழுத்தை நெரித்து உள்ளே சூட்டைத் தேக்குகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு சிறிய பிளாஸ்டிக் பொருள். உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவில், மீன்தொட்டியின் காற்றுக்குழாயில் போடுகிற ஒருவழி வால்வைச் செருகியிருந்தார்கள். அதன் பொருளை விளக்கினால்தான் ஏமாற்றின் முழு அளவும் புரியும். ஜிப்சியின் கணினி இந்தச் சென்சாரைப் பார்த்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சென்சாருக்கு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அளக்கத் தெரியாது, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. டர்போ அரை பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ பாதி, கூடுதலாகத் தள்ளும்போது ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. கணினியோ ஒரு மடங்குக்குரிய பெட்ரோலைத்தான் கொடுக்கும். எல்லை மீறிய அழுத்தம் சென்சாரைத் தொட்டால் எஞ்சின் விளக்கு எரிந்து எனக்குத் தெரிந்துவிடும் என்பதால், அது தொடாமல் தடுக்க அந்த வால்வு. அதாவது, கணினியை மாற்றி எழுதுவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர்கள், கணினியின் கண்ணைக் கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சாதாரண ஓட்டத்துக்கான அளவு. டர்போ முழுதாக அழுத்தும்போது பன்னிரண்டு பங்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவான காற்றே இருக்கும்படி பெட்ரோலைக் கூட்ட வேண்டும், தீப்பொறியின் நேரத்தையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். இரண்டும் நடக்காததால், பற்ற வேண்டிய கலவை தானாகவே வெடித்து, அந்த அடியில் பிஸ்டன் பெயர்ந்தது. கூழாங்கல் சத்தம் அதுதான்.

புகைப்படங்களுடன் பட்டறைக்குப் போனேன். முதலில் மலையில் ஓட்டியது என் தவறு என்றார்கள். வால்வைக் காட்டியதும் உரிமையாளரின் குரல் மாறியது. "புகார் கொடுங்க சார், முதல்ல மாட்டுறது உங்க வண்டிதான்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் காட்டிக் கைவிரிக்க இடமுண்டு. இவற்றை முன்பணம் வாங்கும்போது சொல்லாமல், புகார் என்றதும் ஆயுதமாக எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் பயந்து வாயை மூடிக்கொள்வார் என்பதே இவர்களின் தொழில் ரகசியம் என்று நான் நம்புகிறேன். நான் டர்போவையும் அதன் குழாய்களையும் முழுவதும் கழற்றி, எஞ்சினைப் பழைய நிலைக்கே கொண்டுவந்த பிறகு புகார் கொடுத்தேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசியது எனக்கு வழி காட்டியது.

சட்டத்துக்கு உட்பட்டு, தனியார் நிலத்தில் மட்டும் ஓடும் வண்டிக்காக ஒருவர் இந்த வேலையைச் செய்யச் சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரரிடம் டர்போவைப் பற்றிக் கேட்பதைவிட, பெட்ரோலை எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். மூன்று பார் வரை அளக்கும் சென்சார், பெட்ரோலைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர்கள், திருத்தி எழுதக்கூடிய கணினி, காற்று–பெட்ரோல் விகிதத்தை ஓட்டத்தின்போதே காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஆகியவற்றின் பெயர்கள் அவர் வாயிலிருந்து தானாக வர வேண்டும். முழு அழுத்தத்தில் ஓட்டிப் பதிவு செய்த விகிதத்தை அச்சிட்டுத் தருவேன் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். டர்போவைப் பொருத்தும் முன்பே அதன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்க எனக்கு மேலும் 86,000 ரூபாய் ஆனது. நான்கு பிஸ்டன்கள், ரிங்குகள், பேரிங்குகள், ஹெட் வேலை, லேத் கூலி எல்லாம் அதில் அடக்கம். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பில் போட்டுக் கொடுத்தார். உடைந்த பிஸ்டனும் நான்கு பிளக்குகளும் அந்த மீன்தொட்டி வால்வும் எண் தேய்த்த டர்போவும் துணியில் சுற்றி என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. இதே போன்ற வேலையை எங்காவது பேசி முடித்து, முன்பணம் இன்னும் கொடுக்காமல் இருப்பவர் யாரேனும் இருந்தால், நேரில் வந்து அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.