வெள்ளை விளக்கா, மஞ்சள் விளக்கா: வாசல் சிலந்திக்கு எது நல்லது?

வாசலில் இரவெல்லாம் எரிய 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்இடி போடுவதா, 2200 கெல்வின் மஞ்சள் எல்இடி போடுவதா என்று யோசிப்பவர்கள் சிலந்தியையும் கொஞ்சம் கணக்கில் எடுக்கலாம்.

பூச்சி வரத்து
வெள்ளை: நீல ஒளி அதிகம், அந்துப்பூச்சிகள் மொய்க்கும்.
மஞ்சள்: நீலம் குறைவு, கூட்டமும் குறைவு.

ஒட்டடை
வெள்ளை: இரை இருக்கும் இடத்தில்தானே வலை! பாலச் சிலந்தி (bridge spider) என்ற இனம் ஒளி உள்ள இடத்தையே தேடிப்போய் வலை பின்னும். ஆய்வகத்திலேயே வளர்ந்து விளக்கடி இரையைப் பார்த்திராத சிலந்திகளும் அப்படித்தான் செய்தன.
மஞ்சள்: துடைப்பத்துக்கு வேலை குறையும்.

சிலந்தியின் உடல்நலம்
வெள்ளை: சாப்பாடு தாராளம், சரி. ஆனால் ஆஸ்திரேலியத் தோட்டச் சிலந்திகளை இரவு வெளிச்சத்தில் வளர்த்தபோது அவை சீக்கிரமே முதிர்ந்தன. பெண் சிலந்திகள் சிறுத்துப்போய், முட்டையும் குறைவாக இட்டன. விருந்து வைத்து ஆயுளைச் சுரண்டுகிற கதை.
மஞ்சள்: கெடுதல் குறையலாம், இருட்டுக்கு ஈடாகாது.

பார்வை, மின்சாரம்
வெள்ளை: நிறங்கள் தெளிவு, அதே மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம்.
மஞ்சள்: கொஞ்சம் மங்கல், நடமாடப் போதும்.

பூட்டுப் பழுது, இரவு வேலை என்றால் வெள்ளை, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரியும் வாசல் விளக்குக்கு மஞ்சள்தான் என் ஓட்டு. அதிலும் ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் வைத்து, ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடி போட்டால் இன்னும் நல்லது.