ஏப்ரல் 24 அன்று சிட்செர்னகாபெர்ட் நினைவிடம்

ஒட்டோமான் (துருக்கியப்) பேரரசில் நடந்த ஆர்மேனிய இனப்படுகொலையில் மாண்டவர்களுக்காக ஆர்மேனியத் தலைநகர் எரெவானின் குன்றொன்றில் 1967இல் எழுப்பப்பட்ட சிட்செர்னகாபெர்ட் நினைவிடத்துக்கு எந்த நாளிலும் செல்லலாம் என்றாலும், அதன் முழுப் பொருளும் விளங்குவது ஏப்ரல் 24 அன்றுதான். 1915இல் அதே நாளில் அப்பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மேனிய அறிஞர்களும் தலைவர்களும் கைதுசெய்யப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த கொலைகளிலும், சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்தே சாகடித்த கொடுமையிலும் 15 லட்சம் பேர் மாண்டதாக ஆர்மேனியர்கள் நினைவுகூர்கிறார்கள்.

அரசுப் பிரமுகர்களின் மலரஞ்சலி காலையிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் நாள் முழுவதும், கையில் பூவுடன் பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக ஏறி வருகிறார்கள். மேடையும் சொற்பொழிவும் தேடி எவரும் வருவதில்லை, பூ வைப்பதே அஞ்சலி. உட்புறமாகச் சாய்ந்து நிற்கும் 12 பெரிய கருங்கற் பலகைகளுக்கு நடுவே, தரைமட்டத்துக்குக் கீழே அணையா விளக்கு எரிகிறது. அங்கே இறங்கும் படிகள் செங்குத்தானவை என்பதால் தலை தானாகவே குனிந்துவிடுகிறது. கட்டடக்கலை வழிபாட்டுக்கு இவ்வளவு இயல்பாகத் துணைநிற்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். மாலைக்குள் விளக்கைச் சுற்றிப் பூக்கள் சுவராகவே எழுந்துவிடுகின்றன. 44 மீட்டர் உயரத் தூணைவிட, அழிக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள் பொறித்த நீண்ட சுவரே என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது.

சோவியத் ஆட்சியில் பேசவே தயங்கிய இந்தத் துயரத்துக்கு, 50ஆம் ஆண்டான 1965இல் எரெவான் தெருக்களில் திரண்ட மக்கள் கேட்டுப் பெற்ற இடம் இது. இன்றும் அவர்களுடையதாகவே அது இருப்பதுதான் இதன் தலையாய சிறப்பு என்பேன்.

1995இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அருகிலேயே நிலத்தடியில் உள்ளது. அன்று நாடுகடத்தப்பட்ட ஆர்மேனியர்களைத் தடையை மீறிப் படமெடுத்த ஜெர்மானியர் ஆர்மின் வெக்னரின் அஸ்தியில் ஒரு பகுதி இவ்வளாகத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அவரைப் பற்றி முன்பே படித்துவிட்டுச் செல்வது நல்லது. நினைவு நாளின் கூட்டத்தில் ஆவணங்களை நின்று படிக்க இயலாது என்பதால், அருங்காட்சியகத்துக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். முதியவர்களுடன் செல்வோர், குன்றேற்றத்தையும் நெடிய வரிசையையும் கணக்கிட்டு அதிகாலையிலோ மாலையிலோ புறப்படுவது நலம்.