ஆலப்புழை அரசுப் படகு: துறைமுகப்பில் மறிப்பவர்களைக் கடந்தால் போதும்

செங்கோட்டையில் ரயிலேறிக் கொல்லம் வழியாக ஆலப்புழைக்குச் சென்ற எங்களை, பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடக்கும் சில நிமிடங்களுக்குள் மூன்று தரகர்கள் மறித்தனர். எங்கள் பேச்சைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிய ஒருவர், "அண்ணா, இன்னைக்கு கவர்மென்ட் போட்டு கிடையாது" என்றார். அவருடைய தோளுக்குப் பின்னாலேயே அந்தப் படகு நின்றுகொண்டிருந்தது.

1968-இல் தொடங்கப்பட்ட கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் இந்தப் படகுகள், வேம்பநாட்டுக் காயலையும் கால்வாய்களையும் சுற்றிக் திட்டுத் திட்டாய்க் கிடக்கும் குட்டநாட்டு ஊர்களுக்கு அன்றாடம் ஆள் ஏற்றிச் செல்பவை. பயணச்சீட்டைப் படகிலேயே தருகிறார்கள். தனிப் படகுக்குத் தரகர் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் இக்கட்டணம் தேநீர்ச் செலவுதான். முன்னால் சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடிக்க, அந்த ஒலிக்கணக்கைக் கேட்டு எஞ்சின் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இயக்குவதை அருகிலிருந்தே பார்க்கலாம். (என் மகன் காயலைப் பார்க்கவே இல்லை, மணியைத்தான் பார்த்தான்.) கரையோரத்தில் வயல் நீர்மட்டத்துக்குக் கீழே கிடப்பதும் இருக்கையிலிருந்தே தெரிகிறது.

கோட்டயம் வரை செல்ல ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். நடுவழியில் இறங்குபவர்கள் திரும்பும் படகின் நேரத்தைத் படகுத்துறை அலுவலகச் சாளரத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே நிற்பவர்களிடம் கேட்கவே கூடாது. பள்ளி விடும் நேரத்தில் ஏறினால் நின்றுகொண்டே செல்ல நேரிடும்.