உவர்மண்ணா, பூந்திக்கொட்டையா, பார் சோப்பா?

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கேட்டால், "தலைக்கா, துணிக்கா, நகைக்கா?" என்று கேட்கிறார்கள். எதற்கானாலும் கொடுப்பது ஒரே கொட்டைதான். துணிக்கு என்று சொல்லி வாங்கிவந்தால், அடுத்த கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: என்ன துணிக்கு? பழைய சலவை முறைகளில் எது சிறந்தது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நூலையும் தண்ணீரையும் கறையையும் பார்க்காமல் எந்த முறைக்கும் மார்க் போட முடியாது.

முதலில் உவர்மண். கோடையில் வறண்ட நிலத்தின் மேல் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாக நிற்கும் மண் இது. அதில் இருப்பது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். கடையில் விற்கும் சலவைச் சோடாவும் சோடியம் கார்பனேட்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அதில் துணியை முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். காரமும் சூடும் சேரும்போது, துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதி அங்கேயே சோப்பாக மாறிவிடுகிறது. அழுக்கே அழுக்கைக் கழுவும் பொருளாகிறது. காலையில் துறையில் அடித்து அலசி வெயிலில் விரித்தால் வரும் வெண்மையைப் பருத்தியில் வேறு எந்தப் பழைய முறையும் தராது என்பதே என் முடிவு.

ஆனால் இதைப் 'பாட்டி காலத்து வீட்டுமுறை' என்று எழுதுவது சரியல்ல. பெரும்பாலான ஊர்களில் வெள்ளாவி வைத்தவர்கள் வண்ணார் குடும்பத்தினர். தீட்டுத் துணி வரைக்கும் ஊர் அழுக்கைச் சுமந்து வெளுத்தவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது களத்துத் தானியமும் வீடு வீடாக வாங்கிய சோறும். பல வீட்டு வேட்டிகள் ஒரே அடுக்கில் வெந்தாலும் மாறிப்போகாமல் இருக்க, சேராங்கொட்டைப் பாலால் ஓரத்தில் குறி போட்டார்கள். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அழியாத கறுப்பு அது. தோலில் பட்டால் கொப்புளம் எழும் பாலைக் கையாண்டு, எந்தக் குறி எந்த வீட்டுக்கு என்று மனதிலேயே கணக்கு வைத்திருந்தார்கள். அந்த அறிவைச் சொல்லாமல் வெள்ளாவியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் செய்வதானால் சலவைச் சோடாவே போதும். பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி சோடா கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணிகளை அரைமணி நேரம் இளங்கொதியில் விட வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரித்துவிடும். இரத்தக் கறை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். சூட்டில் போட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தப் பக்கமே வேலையில்லை. இரண்டும் புரத இழைகள். காரம் பட்டால் மெருகு போய், நாளடைவில் நூலே நைந்துவிடும். இங்கேதான் பூந்திக்கொட்டை வருகிறது. இந்த மரம் சேர்ந்த பேரினத்தின் அறிவியல் பெயரான சாபின்டஸ் என்பதே 'இந்தியச் சோப்பு' என்ற பொருளுடைய லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. நுரை தருவது தோலில் உள்ள சபோனின். விதையை எடுத்துவிட்டு எட்டுப் பத்துத் தோலை இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் ஒரு புடவைக்குக் காணும். இந்தச் சாறு காரமில்லாதது, இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. அதனால் பட்டு தாங்குகிறது. முறுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. சாற்றில் அமுக்கி அமுக்கி எடுத்து, அலசி, நிழலில் போட வேண்டும். சாயம் கரைகிறதா என்று உள்முந்தியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே முழுப் புடவையையும் நனையுங்கள்.

எல்லாத் துணிக்கும் பூந்திக்கொட்டையே போதும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. சட்டைக் காலரில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு அதில் முழுதாகப் போவதில்லை. வெள்ளைத் துணியில் நாள்பட அதன் பழுப்புச் சாயல் தங்குகிறது. சாறு இரண்டு மூன்று நாளில் கெட்டு வாடை அடிக்கும். கண்ணில் தெறித்தால் நல்ல எரிச்சல்.

பார் சோப்பும் துவைக்கல்லும் மூன்றாவது. 1888-இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. பிற்பாடு 501 பார் போன்றவை வீட்டுக் கிணற்றடிக்கே வந்து சேர்ந்தன. கட்டியை நூலால் அறுத்து வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. அன்றாடப் பருத்தித் துணிக்கு இதுவே எளிது. ஆனால் தண்ணீர் ஒத்துழைக்க வேண்டும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திப்பி திப்பியாகத் திரண்டுவிடும். நுரை வராது, திப்பி துணியில் படிந்து வெள்ளை மங்கும். தண்ணீரில் முதலில் கொஞ்சம் சோடா போட்டுக் கலக்கினால் அந்தச் சத்து படிந்துவிடும், பிறகு சோப்பு நுரைக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. பூந்திக்கொட்டையும் கடின நீரில் திரியாது.

கல்லில் ஓங்கி அடிப்பதால்தான் அழுக்குப் போகிறது என்று நம்பி வளர்ந்தவள் நான். இப்போது கும்முவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடிப்பதில் பித்தான் உடைகிறது, மடிப்போரத்தில் நூல் நைகிறது, நம் தோளும் போகிறது. அரைமணி நேரம் ஊறிய துணிக்கு அத்தனை அடி தேவையில்லை.

மூன்று முறைகளின் வேறுபாட்டையும் ஒரே கறையில் பார்க்க வேண்டுமானால் மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டி, சோப்பு போட்டதும் கறை சிவப்பாகிறது. சோடாவில் போட்டால் இன்னும் சிவக்கும். துணி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவப்பது அதன் இயல்பு. நன்றாக அலசியோ எலுமிச்சைச் சாறு விட்டோ எடுத்தால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். பூந்திக்கொட்டைச் சாற்றில் நிறமே மாறாது. எண்ணெய்ப் பசையைச் சோப்பு எடுக்கும், மிச்சமிருக்கும் மஞ்சளை எடுப்பது வெயில். ஈரத்தோடு விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் ஓரிரு நாளில் வெளுத்துவிடும். வாழைக்கறைக்கு மட்டும் இதில் எதுவும் எனக்குப் பலித்ததில்லை.

நீலம் போடுகிறவர்கள் அந்த எலுமிச்சையை முழுதாக அலசிவிட்டுப் போடுங்கள். அல்ட்ராமரின் நீலம் அமிலத்தில் நிறமிழக்கும். அது கரையும் சாயமல்ல, நுண்ணிய தூள். துணியில் முடிந்து தண்ணீரில் ஆட்டினால்தான் திட்டுத் திட்டாக ஒட்டாது. கஞ்சி கடைசியில். விறைப்புக்கு மட்டுமல்ல, அழுக்கு கஞ்சிமேல் படிவதால் அடுத்த துவைப்பில் சுலபமாகக் கழன்றுவரும்.

எங்கள் வீட்டில் வேட்டி, துண்டு, தலையணை உறைகளுக்கு மாதம் ஒருமுறை சோடா வேக்காடு. அன்றாடத் துணிக்குப் பார் சோப்பு. சின்னாளப்பட்டிச் சுங்குடிக்கு முதல் நாலைந்து தடவை வெறும் தண்ணீரும் கல்லுப்பும். பட்டுக்குப் பூந்திக்கொட்டை. அம்மாவின் கல்யாணப் புடவை மட்டும் எந்தத் தண்ணீரிலும் இறங்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பில் ஜரிகை முறியாதபடி மடிப்பை மாற்றி, மல் துணியில் சுற்றி வைக்கிறேன்.