வீட்டு ஆர்கிடுக்குக் கரியமில வாயு கிட்: காசு போடும் முன் தராசு எடுங்கள்

ஃபலனாப்சிஸ் ஆர்கிட் வளர்ப்பவர்களைக் குறிவைத்து விற்கப்படும் கரியமில வாயு கிட் பற்றியது இந்தப் பதிவு. பெட்டியைத் திறந்தால் 2 கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, டைமர், காற்றில் வாயு எவ்வளவு என்று காட்டும் உள்ளங்கை அகல மீட்டர், கூடவே ‘இலவசமாக’ ஒரு காளான் பை (காளான் மரத்தூளைத் தின்று வாயு விடும் என்பது கணக்கு). இலை இரட்டிப்பு வேகத்தில் வரும், வருடத்துக்கு இரண்டு தடவை பூக்கும், ஒரு சிலிண்டர் ஆறு மாதம் தாங்கும் என்பது வாக்குறுதி. செடியில் மாற்றமே இல்லையே என்று கேட்டால், ‘ஆர்கிட் மெதுவாகத்தான் வளரும், மூன்று மாதம் பொறுங்கள்’ என்பார்கள். ஆர்கிட் மெதுவாக வளர்வது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லியே பொருளைத் திருப்பி அனுப்பும் கெடுவைக் கடத்திவிடுகிறார்கள். விற்பவர் பெயர் இங்கே வேண்டாம். இதே பெட்டி நாளைக்கு வேறு பெயரில் வரும்.

முதல் கோளாறு டைமரில். காலை 8 முதல் மாலை 5 வரை வாயு விடும்படி வைத்துத் தருகிறார்கள். ஃபலனாப்சிஸ், கேட்லியா, வாண்டா, தடித்த இலை டெண்ட்ரோபியம் எல்லாம் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இருட்டிய பிறகு திறக்கிற ஜாதி. இரவில் இழுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் சர்க்கரையாக்கிக்கொள்ளும். (ரணகள்ளி இலை காலையில் புளித்து, நண்பகலில் சுவையற்று, மாலையில் லேசாகக் கசப்பதும் இதே வேலையால்தான். அதை மென்று பார்த்து 1815-இல் அச்சில் சொன்ன பெஞ்சமின் ஹெய்ன், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்தவர்.) மாலை மங்கும் நேரத்தில் துளை கொஞ்சம் திறக்கத் தொடங்கும். நண்பகலில் விடுகிற வாயு கதவிடுக்கு வழியாகத் தெருவுக்குப் போகிறது.

டைமரை இரவுக்கு மாற்றிவிட்டால்? கணக்கைப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறை 28 கன மீட்டர் சொச்சம். வெளிக்காற்றில் இருக்கும் சுமார் 420 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு வாயு) 1,000-க்கு உயர்த்த 16 லிட்டர் வாயு, எடையில் 30 கிராம், வேண்டும். மூடிய ஏசி அறையிலும் இடுக்குகள் வழியே மணிக்குப் பாதிக் காற்று மாறுகிறது என்று வைத்தால், அந்த அளவைத் தக்கவைக்க மணிக்கு 15 கிராம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேர இரவுக்கு 180 கிராம். 2 கிலோ சிலிண்டர் 11 இரவில் காலி. ஆறு மாதம் வருகிறது என்றால் இரவுக்கு 11 கிராம்தான் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

இன்னொரு பக்கம், தூங்குகிற ஒரு ஆள் மணிக்கு ஏறக்குறைய 20 கிராம் கரியமில வாயு விடுகிறார். இருவர் படுக்கும் மூடிய ஏசி அறை விடிவதற்குள் 1,500 பிபிஎம்-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அறை ஜன்னலோரம் நிற்கும் ஃபலனாப்சிஸுக்கு வேண்டிய நேரத்தில், வேண்டியதற்கும் மேலாக, இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருக்கிறது.

காளான் பையின் கதை இன்னும் பரிதாபம். 2 கிலோ பையில் தண்ணீர் போக மரத்தூள் 800 கிராம் இருக்கலாம். அதில் பாதி கார்பன். அத்தனையும் மிச்சமில்லாமல் வாயுவாக மாறினாலும் ஒன்றரைக் கிலோவைத் தொடாது. அதையும் 100 நாளுக்குப் பரப்பினால் மணிக்கு 0.6 கிராம். நிஜத்தில் அதில் பாதிகூட வராது. தவறி அதில் சிப்பிக் காளான் விரிந்தால் வித்துத் தூள் அறை முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் இது வேண்டாத வேலை. சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டிலும் இதே கணக்குதான்: 100 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் 51 கிராம் வாயு, அதுவும் இரண்டு வாரத்தில் சிறுகச் சிறுக.

சிலிண்டரில்தான் நேரடியான களவு. உள்ளே இருப்பது திரவம். கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் காட்டும் கேஜ் முள் நகராது. 30 டிகிரி வெப்பத்தில் 70 பார் அளவில் நின்றுகொண்டே இருக்கும். அதனால் அரைச் சிலிண்டரும் முள்ளில் ‘ஃபுல்’ காட்டும். 31 டிகிரிக்கு மேல் திரவம் என்ற நிலையே கிடையாது, வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். சித்திரை மதியத்தில் முள்ளை நம்பவே முடியாது. கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைப் பாருங்கள், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுத் தராசில் நிறுத்துங்கள், வந்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள், மிச்சம்தான் வாயு. சோதனைத் தேதி பொறிக்காத சிலிண்டரை வீட்டுக்குள் ஏற்ற வேண்டாம். பழைய தீயணைப்பானுக்குப் பெயின்ட் அடித்து அனுப்புவதும் உண்டு. அதற்குள் அடிவரை போகும் குழாய் இருக்கும். நிமிர்த்தி வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வந்து ரெகுலேட்டர் பனி பூத்து இறுகிவிடும்.

ஆனால் பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து அந்த மீட்டர். மலிவான மீட்டர்களில் பல கரியமில வாயுவை அளப்பதே இல்லை. காற்றில் உள்ள ஆவிகளை முகர்ந்து, அதை வைத்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும் சென்சார்தான் உள்ளே. சோதிப்பது சுலபம்: சானிடைசர் நனைத்த பஞ்சை ஒரு அடி தள்ளிக் காட்டுங்கள். எண் சரசரவென்று ஏறினால் அது பொய் மீட்டர். அகச்சிவப்பில் அளக்கும் என்டிஐஆர் சென்சார் இதற்கு அசையாது, மூச்சு விட்டால் ஏறும்.

நல்ல என்டிஐஆர் மீட்டரிலும் ஒரு கண்ணி உண்டு. பலவற்றில் தானியங்கித் திருத்தம் இருக்கும்: சில நாளில் பார்த்த மிகக் குறைந்த அளவை ‘இதுதான் வெளிக்காற்று, 400’ என்று எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க வாயு நிறைந்த அறையில் குறைந்த அளவே 800 என்றால், அந்த 800-ஐ 400 என்று காட்டத் தொடங்கும். வால்வு மீட்டரோடு இணைந்திருந்தால் இன்னும் வாயு விடும். அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு முறை மொட்டை மாடியில் வைத்து 420-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டோடு வரும் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்கு 5,000 பிபிஎம் வரம்பு; 40,000 உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டு 2 கிலோவும் வெளியேறினால், மேலே சொன்ன அறையில் சுமார் 39,000 வரும். வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், முதலில் தரையோடு தங்கும். பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் வகை வால்வுதானா என்று பார்க்காமல் இணைக்கவே கூடாது. படுக்கையறையில் எந்த வால்வும் வேண்டாம்.

சிலிண்டருக்குப் பதில் எல்பிஜி பர்னர் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடும் எத்திலீனும் வரும். துளி எத்திலீனுக்கே ஃபலனாப்சிஸ் மொட்டு மஞ்சளித்து உதிரும், கேட்லியாவின் புறவிதழ் காய்ந்து கருகும்.

விளம்பரத்தில் காட்டும் நெதர்லாந்துப் பசுமைக்குடில் படங்கள் பொய்யல்ல, அங்கே வாயு விடுகிறார்கள்தான். ஆனால் அங்கே வெளிச்சம், வெப்பம், உரம் மூன்றும் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கின்றன. ஃபலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். ஜன்னலிலிருந்து ஆறு அடி தள்ளி வைத்த தொட்டிக்கு 1,000 கிடைப்பதே அபூர்வம். அங்கே பற்றாக்குறை வெளிச்சம்தான், வாயு அல்ல.

பகல் வாயு பலிக்கிற ஆர்கிட்களும் உண்டு: மெல்லிய இலை ஆன்சிடியம், பாஃபியோபெடிலம் போன்று பகலில் துளை திறப்பவை. அதற்கும் ஆள் படுக்காத மூடிய வளர்ப்புப் பெட்டி, போதுமான எல்இடி வெளிச்சம், உண்மையான மீட்டர் வேண்டும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 5 அடி உயரப் பெட்டியை 1,000 பிபிஎம்-க்கு ஏற்ற ஒன்றேகால் கிராம் போதும்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? சிலிண்டரைத் தராசில் வைப்பது, பொறித்த எடை, சானிடைசர் சோதனை மூன்றையும் வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து, கெடுவுக்குள் எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். எடை குறைவு என்று புகார் எழுதுங்கள். ‘செடி வளரவில்லை’ என்று எழுதினால் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள். பணம் திரும்பாவிட்டால், சோதனைத் தேதி உள்ள சிலிண்டரும் ரெகுலேட்டரும் மீன் தொட்டிக்குள் நீர்ச்செடி வளர்ப்பவருக்கு உதவும். டைமரை எல்இடி விளக்குக்கு மாட்டிக்கொள்ளலாம், காலை 6-க்குப் போட்டு மாலை 6-க்கு அணைக்க.